நாயோடு மோப்பப் போட்டிக்குப் போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் நாய் வளர்க்கும் நண்பர்கள், சனி ஞாயிறுகளில் நான் எங்கே காணாமல் போகிறேன் என்று தெரிந்ததும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் ‘சென்ட் வொர்க்’ போட்டிகளை வைத்துச் சொன்னவை. வேறு அமைப்பின் விதி வரும் இடத்தில் அதன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், அதனால் பணம் கட்டும் முன் நடப்பு விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

இது என்ன போட்டி? போலீஸ் மோப்ப நாய் செய்கிற வேலைதானா?

அடிப்படை அதேதான். வெடிமருந்துக்கும் போதைப்பொருளுக்கும் பதிலாக இங்கே ஒரு தாவர எண்ணெயின் வாசனை. எண்ணெய் ஏறிய பஞ்சுக் குச்சித் துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அறையிலோ, வெளியிலோ, பெட்டிக்குள்ளோ ஒளித்து வைத்துவிடுவார்கள். எங்கே என்று நாய்க்கும் தெரியாது, அதைக் கூட்டிக்கொண்டு வருபவருக்கும் தெரியாது. கொடுத்த நேரத்துக்குள் நாய் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டது என்று நீங்கள் புரிந்துகொண்டு நடுவரிடம் ‘அலர்ட்’ என்று சொல்ல வேண்டும்.

கஷ்டம் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. மோப்பம் பிடிக்க நாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வாசனைக்குத் தின்பண்டம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், அதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். நாய் சொல்வதைப் படிக்க மனிதருக்குப் பல மாதங்கள் ஆகின்றன. போட்டிகளில் தோற்பவர் பெரும்பாலும் கயிற்றின் மேல்முனையில் நிற்பவர்தான்.

யார் ஆரம்பித்தது?

2006 வாக்கில் தெற்குக் கலிபோர்னியாவில் ரான் கான்ட், ஏமி ஹெராட், ஜில் மேரி ஓபிரையன் என்ற மூன்று பயிற்சியாளர்கள். வேலைக்குப் போகும் மோப்ப நாய்களுக்குக் கொடுக்கும் பயிற்சியை வீட்டு நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ‘கே9 நோஸ் வொர்க்’ என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்த அமைப்புதான் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கேனைன் சென்ட் வொர்க். கீழே அதை ‘நோஸ் வொர்க் சங்கம்’ என்றே சொல்கிறேன். அமெரிக்கன் கென்னல் கிளப் 2017 அக்டோபரில்தான் களத்துக்கு வந்தது. ஆனால் நாடு முழுக்க அதோடு இணைந்த சங்கங்கள் இருப்பதால் இன்று பல ஊர்களில் பக்கத்திலேயே போட்டி கிடைக்கிறது.

என்னென்ன வாசனைகள்?

நான்கு: பிர்ச் மரம், அனிஸ் விதை, கிராம்பு, சைப்ரஸ் மரம். நான்கும் வாசனை எண்ணெய்கள். தொடக்க நிலையான ‘நோவிஸ்’ பிரிவில் பிர்ச் மட்டும் போதும். நிலை ஏற ஏற ஒவ்வொன்றாகச் சேரும். நோஸ் வொர்க் சங்கத்தில் முதல் மூன்று. ஸ்வீடன் பக்கம் போனால் யூகலிப்டஸ், லாரல் இலை, லாவண்டர் என்று வேறு பட்டியல். நாய்க்கு எல்லாம் ஒன்றுதான். எதற்குச் சோறு கிடைக்கிறதோ அது நல்ல வாசனை.

வீட்டில் கிராம்பு இருக்கிறது, தைலம் இருக்கிறது. அதை வைத்தே பழக்கினால் என்ன?

நம் ஆட்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. பிர்ச் எண்ணெய்ப் புட்டியை முதல்முறை திறந்ததும் ‘இது மூட்டுவலித் தைலம் வாடை ஆச்சே’ என்று தோன்றும். தோன்றுவதில் நியாயம் உண்டு. பிர்ச் எண்ணெயின் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். நீலகிரியில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்திலும், நாம் முழங்காலில் தேய்க்கும் பல களிம்புகளிலும் இருப்பது அதேதான். ஆனால் களிம்பில் மென்தால், கற்பூரம் என்று இன்னும் நான்கு சரக்கு சேர்ந்திருக்கும். நாய் அந்தக் கலவையை மொத்தமாகக் கற்றுக்கொள்ளும். போட்டியில் தனிப் பிர்ச் வந்தால் ‘இது அது இல்லையே’ என்று கடந்து போய்விடக்கூடும். கிராம்பும் அப்படித்தான். போட்டியில் வைப்பது கிராம்பு மொட்டு எண்ணெய். சரியான எண்ணெயையே வாங்கிவிடுங்கள், ஒரு சின்னப் புட்டி ரொம்ப நாள் வரும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. போட்டிக்கு முந்தின இரவு தோள்வலிக்குக் களிம்பு தேய்த்துவிட்டு அதே கையால் காலையில் கயிற்றைப் பிடிக்காதீர்கள். கிராம்பு பழகிய நாய் சமையலறையில் மசாலா டிராயர் முன்னால் சிலையாக நின்றால் திட்டவும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அது சொன்னது சரிதான். பேசாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த எண்ணெய்கள் நாய்க்கு ஆபத்து இல்லையா?

வயிற்றுக்குள் போனால் ஆபத்துதான். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் நாயின் மூக்கிலோ தோலிலோ தடவும் யோசனையே வேண்டாம். பஞ்சுத் துண்டு எப்போதும் ஓட்டை போட்ட தகர டப்பாவுக்குள் இருக்கட்டும். நாய் கவ்வி விழுங்க முடியாத இடத்தில் வையுங்கள். கையுறை போட்டு இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இரட்டிப்புக் கவனம்.

தயாரிப்பு எளிது. பஞ்சுக் குச்சிகளைப் பாதியாக வெட்டிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஓரிரு துளி எண்ணெயை ஜாடியின் உள்சுவரில் விட்டு மூடி, வாசனை ஏறும்வரை விட்டுவிடுங்கள். பஞ்சு எண்ணெயில் ஊறக் கூடாது, வாசனை ஏறினால் போதும். ஒவ்வொரு வாசனைக்கும் தனி ஜாடி, தனி இடுக்கி. தின்பண்டப் பையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வாசனை ஒட்டிய கையால் பத்துப் பெட்டியையும் தொட்டுவிட்டு, நாய் எல்லாப் பெட்டியையும் காட்டுகிறதே என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த இனம் நல்லது? என் வீட்டில் பக் நாய். அதற்கு மூக்கே கிடையாது.

2015இல் வெளியான ஒரு ஆய்வில் பக், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேஹவுண்ட் மூன்றையும் வாசனைகளைப் பிரித்தறியும் சோதனையில் இறக்கினார்கள். ஜெர்மன் ஷெப்பர்டைவிட பக் நன்றாகச் செய்தது. கிரேஹவுண்டுகளில் பெரும்பாலானவை கலந்துகொள்ளவே அக்கறை காட்டவில்லை. ஆக, ஹட்ச் கைப்பேசி விளம்பரத்துப் பையனின் பின்னால் ஓடிய அந்தச் சப்பை மூக்கை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். வெயிலில் மட்டும் பக் சீக்கிரம் திணறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கை விட முக்கியமானது ஆசை. தின்பண்டத்துக்காகவோ பந்துக்காகவோ உயிரை விடுகிற நாய் என்றால் பாதி வேலை முடிந்தது. வம்சாவளிச் சான்று வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கலப்பின நாய்களையும், அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பட்டியலில் இல்லாத இனங்களையும் ‘கேனைன் பார்ட்னர்ஸ்’ என்ற திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். ஊரிலிருந்து வந்த நாட்டு நாய்க்கும் அந்த வழி திறந்திருக்கிறது. வயது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். மேல் வயதுக்கு வரம்பில்லை. ஓட்டமும் தாவலும் தேவைப்படாத விளையாட்டு என்பதால் மூட்டு தேய்ந்த கிழட்டு நாய்களும், காது கேளாதவையும், மூன்று கால் நாய்களும் கூடப் பரிசோடு திரும்புகின்றன.

என் நாய் வேறு நாயைக் கண்டாலே குரைத்துக் கூப்பாடு போடும். கூட்டிப் போகலாமா?

இந்த விளையாட்டே அந்த மாதிரி நாய்களுக்குக் கிடைத்த வரம். ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் உள்ளே போகும். மற்றவை காரிலோ கூண்டிலோ காத்திருக்கும். நோஸ் வொர்க் சங்கப் போட்டிகளில் இடைவெளி தேவைப்படும் நாய்க்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள், அதைப் பார்த்ததும் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் மனிதரைக் கடிக்கப் பாயும் நாய் என்றால் சரிப்படாது. தேடும் இடத்தில் நடுவர், நேரம் பார்ப்பவர், உதவியாளர் எல்லாம் நிற்பார்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதலில் வாசனையே கிடையாது. பத்து அட்டைப்பெட்டிகளைப் பரப்பி ஒன்றில் மட்டும் தின்பண்டத்தை வைத்து, ‘தேடினால் கிடைக்கும்’ என்ற எண்ணத்தை ஊட்டுவது. சில வாரம் கழித்து அதே பெட்டியில் பிர்ச் டப்பாவையும் சேர்த்து வைப்பார்கள். அப்புறம் தின்பண்டத்தை எடுத்துவிட்டு வாசனை மட்டும். இன்னொன்று, முதல் நாளே பிர்ச் டப்பாவை மூக்கருகில் நீட்டி, மோந்ததும் பரிசு கொடுப்பது.

இரண்டிலும் நல்ல நாய்கள் வந்திருக்கின்றன. கூச்சப்படும் நாய்க்கு முதல் வழி என்பது என் கட்சி. அது தானாகத் தேட ஆரம்பிக்கும்போது வரும் துணிச்சல், டப்பாவை நீட்டிப் பழக்கினால் வருவதில்லை. சுறுசுறுப்பான, ஏற்கெனவே பயிற்சிக்குப் பழகிய நாய் என்றால் இரண்டாவது வழி வேகமாகப் போகும்.

எந்த வழியானாலும் பரிசை வாசனை இருக்கும் இடத்திலேயே கொடுங்கள். நாய் கண்டுபிடித்த பிறகு ‘வா வா’ என்று உங்கள் பக்கம் கூப்பிட்டுக் கொடுத்தால், விடை உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

கண்டுபிடித்ததும் உட்காரவோ படுக்கவோ பழக்க வேண்டுமா?

விதிப்படி கட்டாயம் இல்லை. உட்காரலாம், உறைந்து நிற்கலாம், உங்களைத் திரும்பிப் பார்க்கலாம். மூக்கை வைத்து அசையாமல் நிற்பது எல்லாவற்றிலும் சுத்தமானது. காலால் பிறாண்டுவதை ஊக்குவிக்காதீர்கள், பெட்டியைக் கிழித்தால் தவறு எழுதுவார்கள்.

அப்படியானால் கண்டுபிடித்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நடத்தை மாறும். அதைப் படிப்பதுதான் முழு விளையாட்டும். ஓடிக்கொண்டிருந்த நாய் சட்டென்று தலையைத் திருப்பும், யாரோ மூக்கைப் பிடித்து இழுத்தது போல. அதுதான் வாசனையின் ஓரத்தைத் தொட்ட கணம். அப்புறம் இரண்டு பக்கமும் போய்ப் போய் வரும். இந்தப் பக்கம் குறைகிறது, அந்தப் பக்கமும் குறைகிறது, ஆக நடுவில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. மூச்சின் சத்தம் மாறும். நாய் மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை அளவில் மூச்சை உறிஞ்சுகிறது. அமைதியான அறையில் அந்த ‘சுக் சுக்’ நன்றாகக் கேட்கும். வாலின் தாளம் மாறும். சில நாய்களுக்கு வாய் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் அடையாளம்.

இவற்றில் உங்கள் நாய்க்கு எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கைப்பேசியை ஒரு மூலையில் நிறுத்தி வீடியோ எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. களத்தில் ‘ஒன்றும் காட்டவில்லையே’ என்று நினைத்த இடத்தில், வீடியோவில் நாய் மூன்று தடவை சொல்லியிருக்கும். நீங்கள் அந்த நேரம் அடுத்த மேஜைக்குப் பக்கத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மூத்திர வாடையை ஆராய்கிற நாயும் வாசனையைத் தேடுகிற நாயும் வேறு வேறு மாதிரி இருக்கும். முன்னதில் மூக்கு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு தளர்ந்திருக்கும். வெளியில் தேடும் பிரிவுக்குப் போகும் முன் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்கம்பத்தடியில் ‘அலர்ட்’ சொல்லிவிட்டு வருவீர்கள்.

என் நாய் ஒன்றுமில்லாத பெட்டி முன்னால் போய் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. பொய் சொல்கிறதா?

பொய் இல்லை. ‘இங்கே உட்கார்ந்தால் தருவாயா?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை அதற்குக் கற்றுக் கொடுத்தது பெரும்பாலும் நாம்தான்.

2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வேலையில் இருக்கும் 18 மோப்ப நாய் ஜோடிகளை ஒரு தேவாலயத்தின் அறைகளில் தேடவிட்டார்கள். வாசனை இருக்கலாம், சில இடங்களில் சிவப்புக் காகிதம் அடையாளமாக இருக்கும் என்று நாயைக் கூட்டி வந்தவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எந்த அறையிலும் எந்த வாசனையும் வைக்கவில்லை. மொத்தம் 225 தவறான காட்டல்கள் பதிவாயின. காகிதம் ஒட்டிய இடங்களில் அதிகம். காகிதத்துக்கு அர்த்தம் தெரிந்தது மனிதருக்குத்தான். அங்கே அவர் நின்றதையோ திரும்பியதையோ பார்த்து நாய் காட்டியதா, அல்லது நாய் காட்டாமலே இவர் காட்டியதாக நம்பினாரா என்பது விவாதம். எந்தப் பக்கம் எடுத்தாலும் பிரச்சினை மேல்முனையில்தான்.

சரி, என்ன செய்வது? வாசனை எங்கே என்று தெரிந்த தேடல்களை மட்டுமே செய்துகொண்டிருந்தால் உங்கள் கால் உங்களை அறியாமல் அங்கே வேகம் குறையும். நாய் அதைத்தான் படிக்கும். வீட்டில் வேறு யாரையாவது ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். தெரிந்தே செய்யும்போது சரியான இடத்தைத் தாண்டி நடந்து போங்கள். நாய் உங்களோடு வந்துவிட்டால் அதற்கு இன்னும் உறுதி வரவில்லை, நின்றுவிட்டால் அங்கேயே விருந்து வையுங்கள். அப்புறம், வெறும் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தால் ‘இல்லை’ என்று அதட்டாதீர்கள். ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். பலன் கிடைக்காத உத்தியை நாய் தானே விட்டுவிடும். அதட்டல் வாங்கிய நாய் அடுத்த முறை சரியான பெட்டியிலும் தயங்கும்.

வாசனை இருந்த இடத்திலிருந்து ஆறடி தள்ளி என் நாய் காட்டியது. ஏன்?

காற்று. வீட்டில் சாம்பிராணி போட்டுவிட்டு மின்விசிறியை ஓடவிட்டுப் பாருங்கள். புகை கிண்ணத்துக்கு நேர்மேலே நிற்காது. சுவரில் மோதித் திரும்பும், அலமாரிக்குப் பின்னால் தேங்கும், கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகும். வாசனை எண்ணெயின் ஆவியும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

காற்று வீசும் திசையில் வாசனை விரிந்துகொண்டே போகும். நாய் அதன் அகலமான ஓரத்தில் நுழைந்து, குறுகலான முனைக்குப் போக வேண்டும். வெயில் அடித்த சுவர் காற்றைச் சூடாக்கி மேலே தூக்கும், நாயின் தலைக்கு மேல் வாசனை போய்விடும். குளிர்ந்த காலையில் அது தரையோடு படுத்துக் கிடக்கும், பள்ளத்தில் போய்த் தேங்கும். அதே மைதானம், அதே இடம், காலை ஏழு மணிக்கு ஓடிய நாய்க்கும் மதியம் ஓடிய நாய்க்கும் வேறு வேறு கேள்வித்தாள். அறைக்குள் குளிர்சாதனக் காற்று எங்கிருந்து வருகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே பாருங்கள்.

நாய் ஒரு மூலையில் விடாப்பிடியாக மோந்துகொண்டு, ஆனால் எந்தப் பொருளிலும் மூக்கை வைக்காமல் இருந்தால் அது தேக்கமாக இருக்கலாம். அவசரப்பட்டு ‘அலர்ட்’ சொல்லாதீர்கள். கயிற்றைத் தளர்த்தி நாலடி பின்னால் வாருங்கள். அதுவாக வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால், முனையை நோக்கிக் கூட்டிக்கொண்டு போகும்.

பிரிவுகளும் நிலைகளும்?

நான்கு களங்கள்: பெட்டிகள், உள்ளிடம், வெளியிடம், புதைத்தது. நோவிஸ், அட்வான்ஸ்ட், எக்ஸலன்ட், மாஸ்டர் என்று நான்கு நிலைகள். நோவிஸ் பெட்டிப் பிரிவில் ஒரே மாதிரி பத்து அட்டைப்பெட்டி, ஒன்றில் வாசனை, இரண்டு நிமிடம். உள்ளிடம், வெளியிடம் இரண்டுக்கும் மூன்று நிமிடம், இரண்டடி உயரத்துக்கு மேல் ஒளிக்க மாட்டார்கள். மாஸ்டரில் எத்தனை இடங்கள் என்றே சொல்ல மாட்டார்கள். உள்ளிடத் தேடலில் ஓர் அறை முழுக்கக் காலியாகக்கூட இருக்கலாம். எல்லாம் முடிந்தது என்று நீங்களே தீர்மானித்து ‘ஃபினிஷ்’ சொல்ல வேண்டும். ஒரு களத்தில் மூன்று தடவை தேறினால் அந்த நிலைக்கான பட்டம், நாயின் பெயருக்குப் பின்னால் எழுத்துகளாகச் சேரும்.

இவை தவிர, உங்கள் சொந்த வாசனை ஏறிய காலுறையையோ கையுறையையோ தேடும் தனிப் பிரிவு உண்டு. எண்ணெய் வாங்கவே வேண்டாம். ‘டிடெக்டிவ்’ என்று ஒன்று இருக்கிறது: ஐந்திலிருந்து பத்து இடங்கள், உள்ளும் வெளியும் கலந்து, நான்கு வாசனைகளும். பார்க்கவே அலுக்காது.

போட்டி நாளில் என்ன நடக்கும்?

காத்திருப்பு. காலையில் நடுவர் விதிகளையும் எல்லைகளையும் விளக்குவார், கேள்வி இருந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு உங்கள் முறை வரும்வரை நாய் காரில். முறை வருவதற்குச் சற்று முன் ஒன்றுக்குப் போக வைத்துக் கூட்டி வாருங்கள். இது நான் சும்மா சொல்வதில்லை, தேடும் இடத்தில் காலைத் தூக்கினால் அத்தோடு முடிந்தது.

தொடக்கக் கோட்டில் நின்று, நாய் மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்க்கட்டும். அதற்கு ஐந்து நொடி கொடுப்பது வீணில்லை. கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் ஓடும். நாயோடு பேசலாம், ஆனால் வாய் ஓயாமல் ‘தேடு கண்ணா, இங்கே பார், இங்கே பார்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களின் நாய்கள் மோப்பத்தைவிட அந்தக் குரலைத்தான் அதிகம் கவனிக்கின்றன. முப்பது நொடி பாக்கி இருக்கும்போது எச்சரிப்பார்கள். அந்த எச்சரிக்கைதான் தவறான ‘அலர்ட்’களின் தாய். பயத்தில் நாய் கடைசியாக மோந்த பெட்டியைச் சொல்லிவிடுவோம். நாய் சொல்லவில்லை என்றால் நேரம் முடியட்டும், விட்டுவிடுங்கள். தேறாமல் போவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தவறான இடத்தில் சொல்லிப் பழகினால் அது நாய்க்கும் ஒட்டிக்கொள்ளும்.

‘அலர்ட்’ சொன்ன பிறகு நடுவர் ‘எங்கே?’ என்று கேட்கலாம், கைகாட்டுங்கள். ‘யெஸ்’ என்றால் அந்த இடத்திலேயே பரிசு கொடுக்கலாம். துணுக்கு கீழே சிந்தக் கூடாது, பின்னால் வரும் நாய்க்கு அது தொல்லை. உதிரும் பிஸ்கட்டைவிட வேகவைத்த கோழித்துண்டு நல்லது.

வெளியே வந்ததும் எங்கே ஒளித்திருந்தார்கள் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. நம் ஆட்களுக்கு இதுதான் மிகக் கடினமான விதி.

நாய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மோப்பம் குறையுமா?

குறைய வாய்ப்புண்டு. வயிற்றுப்போக்குக்குக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி தரும் மெட்ரோனிடசோல் மருந்து, வெடிமருந்து தேடும் நாய்களில் சிலவற்றின் திறனைக் குறைத்ததாக ஓர் ஆய்வு உண்டு. போட்டிக்காக மருந்தை நிறுத்தாதீர்கள், போட்டியை விட்டுவிடுங்கள். மருந்தைவிட அடிக்கடி வரும் எதிரி வெயில். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் அதே நேரத்தில் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. நிழல், தண்ணீர், காரின் பின்கதவைத் திறந்து ஒரு விசிறி. வேறு ரகசியம் இல்லை.

தினமும் பயிற்சி வேண்டுமா?

வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு தேடல். நாய் ‘இன்னும் ஒன்று’ என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். இடத்தை மாற்றுவதுதான் முக்கியம். கூடத்தில் மட்டுமே தேடிய நாய்க்கு, போட்டி நடக்கும் பள்ளிக்கூடத்தின் வழுக்குத் தரையும் எதிரொலியும் புது உலகம்.

இதனால் நாய்க்கு என்ன லாபம்? எனக்குத்தானே ரிப்பன்?

பிரான்ஸைச் சேர்ந்த ஷார்லாட் துராந்தோனும் நியூயார்க்கின் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்சும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு நாய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மோப்பத் தேடலும் இன்னொன்றுக்குக் காலருகே நடக்கும் பயிற்சியும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். பிறகு, காலியா நிறைந்ததா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மோப்பக் குழு நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின, நம்பிக்கை கூடியிருந்தது. மற்றக் குழுவில் அந்த மாற்றம் இல்லை. வீட்டில் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான்: இருபது நிமிடத் தேடலுக்குப் பிறகு, ஒரு மணி நேரம் நடந்தும் அடங்காத நாய் சுருண்டு தூங்கும்.

ஊருக்குத் திரும்பிப் போகிறோம். இந்தியாவில் தொடரலாமா?

பயிற்சியை எங்கும் தொடரலாம், எண்ணெயும் டப்பாவும் போதும். அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியில் மோப்ப நாய்களுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. ஆனால் அது காவல்துறை நாய்களுக்கு. சென்னை வெயிலுக்கு, சூரியன் ஏறும் முன் மொட்டைமாடியில் தேடவிடுவது உத்தமம். சுவர் ஓரத்துக் காற்றோட்டத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டு அமைப்புகளில் எதில் முதலில் பெயர் கொடுப்பது?

நோஸ் வொர்க் சங்கத்தில் முதலில் வாசனையை அடையாளம் காணும் தேர்வு ஒன்றில் தேற வேண்டும்: பன்னிரண்டு பெட்டி, ஒன்றில் வாசனை, மூன்று நிமிடம். அதன்பின் முதல்நிலைப் பட்டத்துக்குப் பெட்டி, உள்ளிடம், வெளியிடம், வாகனங்களின் வெளிப்புறம் என நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் பட்டம் இல்லை. அமெரிக்கன் கென்னல் கிளப்பில் முன்தேர்வு கிடையாது. ஒரு களத்துக்கு மட்டும் பணம் கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒளித்து வைக்கும் நேர்த்தியில் நோஸ் வொர்க் சங்கம் ஒரு படி மேலே என்பது என் எண்ணம். ஆனாலும் முதல் போட்டிக்குக் கென்னல் கிளப்பின் நோவிஸ் பெட்டிப் பிரிவையே சொல்வேன். அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை நாயை வீட்டில் விட்டுவிட்டு, நேரம் பார்க்கவோ பெட்டி அடுக்கவோ தொண்டராகப் போய்விடுங்கள். ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, மதியச் சாப்பாடும் பெரும்பாலும் போடுவார்கள். வாசனை எங்கே என்று தெரிந்துகொண்டு முப்பது நாய்களும் அவற்றின் மனிதர்களும் வந்துபோவதைப் பார்க்கலாம்.